இழுக்கிற பக்கம்

நாற்பத்தாறு ரூபாய் பன்னிரண்டு அணா. தென்காசியில் நெல் மில் வைத்திருந்த பால்வண்ணநாதனுக்கு, அங்கே எஞ்சினைக் கிளப்பி எண்ணெய் விடுகிற பிச்சைமணி தரவேண்டிய தொகை அது. கைநீட்டி வாங்கின கடன் இல்லை. கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் செலவழித்த கடனும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு சல்லியை அவன் கண்ணால் பார்த்தது கிடையாது. எஞ்சினில் அடுத்தடுத்து இரண்டு சோடி பேரிங் கெட்டுப்போனது. புதுசு வாங்கின விலை, மாட்டின பிட்டருக்குக் கூலி, அவர் வந்துபோன ரயில் சார்ஜ், மில் நின்ற ஆறு நாளுக்கு நஷ்டம் என்று நாலு வரி எழுதிக் கூட்டி, அடியில் அவனுடைய இடது பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்து வாங்கிக்கொண்டார் முதலாளி.

சம்பளம் மாதம் பதினொரு ரூபாய். அதில் இரண்டு ரூபாய் பிடித்தம். கடன் தீர ரெண்டு வருஷம் ஆகும். அதுவும் மூன்றாவது பேரிங் கெடாமல் இருந்தால்தான்.

அது தாது வருஷம் பிறக்கப்போகிற சமயம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. பங்குனியில் பிசான அறுப்பு நெல் வண்டி வண்டியாக வந்து மில் வாசலில் நின்றது. இலத்தூரில் புதிதாக ஒரு மில் வந்துவிட்டதால், இங்கே நெல்லோடு ஒருநாள் காத்துக்கிடந்த சம்சாரி மறுநாள் மாட்டை அந்தப் பக்கம் திருப்பினான். பால்வண்ணநாதனுக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினின் வேகத்தைக் கட்டிவைக்கிற ஸ்பிரிங்கை முறுக்கச் சொன்னார். நிமிஷத்துக்கு இருநூற்றைம்பது சுற்று சுற்றினது முந்நூறைத் தாண்டியது. பகல் பொழுதுக்குள் பத்து மூட்டை கூடுதலாக அரைபட்டது. சித்திரையில் முதல் பேரிங் போயிற்று. வைகாசிக் கடைசியில் இரண்டாவது.

அந்தப் பேரிங் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். அந்த ஓட்டத்தை ஒரு தடித்த தண்டு வாங்கிக்கொண்டு போய் வளைதண்டைச் சுற்றவைக்கும். தண்டு வளைதண்டைக் கவ்விப் பிடிக்கிற இடத்தில், மூங்கில் துண்டை நெடுக்கே பிளந்த மாதிரி இரண்டு பாதியாக இருப்பதுதான் பேரிங். வெளியே பித்தளை, உள்ளே வெள்ளை மெட்டல். கத்தி முனையை வைத்து அழுத்தினால் தடம் விழுகிற மெத்தென்ற உலோகம். சுற்றுகிற இரும்புக்கும் அந்த மெட்டலுக்கும் நடுவில் எண்ணெய் பாலாடை மாதிரி நிற்க வேண்டும். அந்த ஆடை கிழியாத வரைக்கும் ஒன்றை ஒன்று தொடாது. கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் பிச்சைமணியின் பிழைப்பு. கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து சொட்டு எண்ணி விடுவான். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்குப் பசியா, வயிறு நிறைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவான். பதினாலு வருஷமாக அதுதான் வேலை.

இரண்டாவது பேரிங் போன அன்றைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து பிட்டர் நல்லதம்பி வந்தார். கழற்றி, சாக்கில் துடைத்து, வெளிச்சத்தில் நீட்டினார். உள்பக்கம் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது. சில குழியில் கடுகு வைக்கலாம், சிலதில் மிளகே வைக்கலாம்.

"கரையான் தின்ன மாதிரில்லா இருக்கு!" என்றார் நல்லதம்பி.

முதலாளி எஞ்சினுக்கு அடியில் கிடந்த தகரத் தட்டைக் குனிந்து பார்த்தார். பேரிங்கிலிருந்து வழிகிற எண்ணெய் அதில்தான் விழும். எண்ணெய்க்கு மேலே வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏலே பிச்சமணி, எண்ணெய் எங்கயாவது நுரைக்குமாலே? தண்ணி ஊத்தியிருக்கே. நல்ல எண்ணெய வித்துத் தின்னுட்டு, அளவு கொறையக் கூடாதுன்னு தண்ணிய ஊத்தி வச்சிருக்கே."

"முதலாளி, என் பிள்ளைக மேல ஆணையா நான் தண்ணி ஊத்தல."

"ஆணையெல்லாம் கெடக்கட்டும். உன் வீட்டு வெளக்கு எந்த எண்ணெயில எரியுது? அத மட்டும் சொல்லு."

நெல் புடைக்கிற பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிச்சைமணி தலையைக் குனிந்து நின்ற நிற்பே போதும், எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். தட்டில் விழுகிற எண்ணெயைத் துணியில் வடிகட்டித் திரும்பவும் டின்னில் சேர்ப்பது அந்த மில்லின் வழக்கம். மிஷின் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எண்ணெய் அது. வாரத்துக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு அதில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவான் பிச்சைமணி. அவன் பெண்சாதி குருவம்மாள் இருட்டின பிறகு பீடி சுற்றுகிறவள். சீமையெண்ணெய் வாங்கக் காசு பற்றாது. புகையும் நாற்றமுமாக அந்த விளக்கு எரியும். தண்ணீர் ஊற்றவில்லை என்பது சத்தியம். சிரட்டையில் எடுத்ததும் சத்தியம். ஒரு சிரட்டை குறைந்ததால்தான் பேரிங் பட்டினி கிடந்து செத்ததோ என்ற பயம் அவனுக்கே இருந்தது. அதனால்தான் பெருவிரலை நீட்டினான்.

"இனிமே எண்ணெய் தாராளமா போகணும்," என்றார் முதலாளி. "நல்லதம்பி, உள்ள எண்ணெய் நிக்க இன்னும் கொஞ்சம் எடம் விட்டு மாட்டும்."

நல்லதம்பியும் இரண்டு பாதிக்கும் நடுவில் கூட ரெண்டு பித்தளைத் தகடு சொருகி, இடைவெளியை அகலமாக்கி மாட்டிவிட்டு ரயிலேறினார்.

வீட்டில் குருவம்மாளிடம் பிச்சைமணி நடந்ததைச் சொன்னான். அவள் அழவில்லை. சுற்றி முடித்த பீடியை நூல் கட்டிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"பேரிங்குக்குக் காசு நாமதான குடுக்கோம்?"

"ஆமா."

"அப்ப கெட்டுப்போன பேரிங் யாருக்கு?"

"இது என்ன கேள்வி? முதலாளிக்குத்தான்."

"அது எப்பிடி? கத்திரிக்காய்க்குக் காசு குடுத்தா சொத்தக் கத்திரிக்காயும் நமக்குத்தான?"

மறுநாள் அவளே மில்லுக்குப் போனாள். முதலாளியிடம் என்ன பேசினாளோ தெரியாது. ஒரு சோடிப் பேரிங்கை முந்தானையில் முடிந்து தூக்கிக்கொண்டு வந்தாள். பித்தளை விலைக்குப் போடலாம் என்று அவளுக்கு யோசனை. விலை ஏறட்டும் என்று கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்தாள். சிரட்டை எண்ணெய் எடுப்பது அன்றோடு நின்றது. விளக்கு அணைந்தது. வாசலில் வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் பீடி.

ஆனி பிறந்தது. நெல் வரத்து ஓய்ந்து, மில் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. ஓடுகிற நாளில் பிச்சைமணி சொட்டுக்கு இரண்டு சொட்டாக எண்ணெய் விட்டான். ஆனாலும் மூன்றாவது பேரிங் பதினைந்தாம் நாளே பேச ஆரம்பித்துவிட்டது. 'டக், டக்' என்று உள்ளுக்குள்ளே ஒரு தட்டல். வெளி ஆட்களுக்குக் கேட்காது. அவனுக்கு அது நெஞ்சில் அடித்தது. புரட்டாசியில் கார் அறுப்பு வரும். அப்போது இதுவும் போனால் அறுபது ரூபாய்க் கடனும் வேலையும் சேர்ந்து போகும். திருட்டுப்பட்டம் வாங்கினவனை வேறே எந்த மில்லில் சேர்ப்பார்கள்?

மில் ஓடாத நாளில் குற்றாலத்துக்கு நடந்தான். மூன்று மைல்தான். சாரல் தொடங்கிவிட்டதால் அருவிக்கு ஜனம் வந்திருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவியில் நிற்பது அங்கே வருகிறவர்கள் வழக்கம். தேய்த்துவிடுகிற ஆளுக்கு இரண்டணா. பதினாலு வருஷம் எண்ணெய்யோடு கிடந்த கைதானே என்று ஒரு போத்தலும் துண்டுமாகப் பாறையில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் சங்கரபாண்டி என்று ஒரு பழைய ஆள். இருபது சாரலாக அங்கே தேய்க்கிறவன்.

"என்ன அண்ணாச்சி, சொட்டுச் சொட்டா விடுதீரு?" என்று முதல்நாளே கேலி பண்ணினான். "இது மனுசன்வே, எஞ்சினு இல்ல. வழிய வழிய விடும்."

"எண்ணெய் வெல என்னன்னு தெரியுமா ஒமக்கு?"

"எண்ணெய்க் காசு தேய்க்க வாரவரு தனியாத் தருவாரு, கை ஒம்ம கை. ஒமக்கென்ன நட்டம்? அப்புறம், சத்தம் வரணும். சத்தம் வராட்டா தேச்ச மாதிரியே இருக்காதும்பாங்க. இங்கன பாரும்."

சங்கரபாண்டி தன்னிடம் குப்புறப் படுத்திருந்த ஒரு பெரிய மனுஷரின் முதுகில் உள்ளங்கையை அழுத்திப் பதித்துச் சட்டென்று பிடுங்கினான். 'டப்' என்று சத்தம் வந்தது. படுத்திருந்தவர் "ஆஹா" என்றார்.

பிச்சைமணியும் அப்படியே செய்யப் பழகினான். இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் திருவேங்கடத்திலிருந்து வந்த பருத்தி வியாபாரி ஒருவர் கிடைத்தார். முதுகு என்றால் முதுகு, நாலு பாய் விரிக்கலாம். வெயில் அடித்துக்கொண்டே தூறுகிற நேரம். பிச்சைமணி கையை அழுத்துவதும் பிடுங்குவதுமாக இருந்தான். டப், டப், டப். திடீரென்று அவன் கை நின்றது. இந்தச் சத்தத்தை அவன் வேறே எங்கேயோ கேட்டிருந்தான்.

கையை மறுபடி பதித்தான். மெதுவாகத் தூக்கினான். எண்ணெய் கையோடு நீண்டு வந்து இழுபட்டுப் பிரிந்தது. சத்தமில்லை. மறுபடி பதித்துச் சட்டென்று பிடுங்கினான். டப். முதுகில் கை இருந்த இடத்தில் எண்ணெய் வெள்ளையாகிவிட்டது. குனிந்து பார்த்தான். ஊசிமுனை ஊசிமுனையாகக் கொப்புளங்கள். வெயில் பட்டு மின்னிப் பட்பட்டென்று உடைந்தன.

"என்னவே, முதுகுல கதை எழுதியிருக்கா? வாசிச்சுக்கிட்டே இருக்கீரு!" என்றார் வியாபாரி.

"இல்லய்யா... ஒரு நிமிசம்."

"குளிருது. தேயும்!"

தேய்த்தான். ஆனால் மனசு மில்லுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளை, தகரத் தட்டில் நின்ற வெள்ளைதான். இந்த எண்ணெயில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அவனே போத்தலிலிருந்து ஊற்றினது.

அன்றைக்கு வீடு வந்ததும் கதவண்டையில் கிடந்த பேரிங்கை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இத்தனை நாளும் குழியை மட்டும் பார்த்தார்களே ஒழிய, குழி எந்தப் பாதியில் என்று யாரும் பார்க்கவில்லை. பிஸ்டன் வெடித்துத் தள்ளும்போது அடி முழுவதும் ஒரு பாதிக்குத்தான். அந்தப் பாதி கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. திரும்ப இழுக்கும்போது பிடிக்கிற மறுபாதியில்தான் அத்தனை குழியும். அதிலும் எண்ணெய் ஓடுவதற்கு வெட்டின வாய்க்காலின் ஓரத்தில் மொய்த்துக் கிடந்தது.

எண்ணெய் இல்லாமல் செத்த பேரிங்கை அவன் பார்த்திருக்கிறான். அது தள்ளுகிற பக்கத்தில் உருகும். கறுத்து, மெழுகு மாதிரி வழியும். மண் விழுந்தால் சுற்றிலும் கீறல் விழும். இது ரெண்டும் இல்லை.

"ஏட்டி குருவு, இங்க வா. கைய நீட்டு."

"எண்ணெக் கை பட்டா பீடி எல ஒட்டிக்கிடும். என்ன வேணும்?"

"நீட்டுட்டி சொல்லுதேன்."

அவள் உள்ளங்கையில் போத்தலில் மிச்சமிருந்த எண்ணெயைத் தடவி, தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். "இது எஞ்சின் தள்ளுதது. எண்ணெய் நெரிபட்டு நிக்குது, ஒண்ணும் ஆகாது. இப்பம் பாரு, திரும்புது." சட்டென்று பிடுங்கினான். டப். "கை போற வேகத்துக்கு எண்ணெயால பின்னால வர முடியல. நடுவுல கிழிஞ்சுபோச்சு. கிழிஞ்ச எடத்துல வெறுங்கொப்புளம். திரும்பக் கை வந்து அடிக்கும்போது அந்தக் கொப்புளம் இருக்கே, அது சும்மா ஒடையாது. ஊசி வச்சுக் குத்துத மாதிரி குத்திட்டு ஒடையுது. நிமிசத்துக்கு முந்நூறு தடவ, மாசக்கணக்குல. மெட்டல் என்ன செய்யும்?"

குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "முன்ன பதினாலு வருசம் ஏன் குத்தல?"

பிச்சைமணி அவளையே பார்த்தான். அதற்குப் பதில் அவள் கேட்ட கேள்விக்குள்ளேயே இருந்தது. பங்குனியில்தான் வேகத்தைக் கூட்டினார்கள். வைகாசியில் இடைவெளியை அகலமாக்கினார்கள். இடம் கூடினால் எண்ணெய் கூடும் என்று நினைத்தார்கள். கையைத் தூரத் தூக்கி அடித்தால் சத்தம் பெரிதாகும் என்பது சங்கரபாண்டிக்குத் தெரியும், மில்லில் இருந்த மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"அப்ப சிரட்டை எண்ணெயால கெடல?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் சொல்லவில்லை.

"கெடல. அது பேரிங்கத் தாண்டிக் கீழ விழுந்த எண்ணெய்தான?"

மறுநாள் மில் ஓடினது. தட்டில் நின்ற நுரையோடு எண்ணெயை ஒரு மருந்துப் போத்தலில் பிடித்து வைத்தான். மத்தியானத்துக்குள் நுரை அடங்கித் தெளிந்துவிட்டது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் கலந்த எண்ணெய் என்றால் தண்ணீர் கீழே தனியாக நின்றிருக்கும். அன்றிலிருந்து போத்தலை மடியிலேயே வைத்திருந்தான். முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினான். எண்ணெய் என்று வாயெடுத்தாலே அவர் விளக்கு என்று முடிப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் அது தன்னால் நடந்தது. பால்வண்ணநாதன் இரண்டு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வில்வண்டியில் வந்து இறங்கினார். விருந்தாளிகளைச் சங்கரபாண்டியும் இன்னொருவனும் பிடித்துக்கொண்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். வெறுமனே உட்கார்ந்திருந்தது பிச்சைமணி ஒருவன்தான்.

"ஏலே, நீ எங்கன இங்க?"

"மில்லு ஓடாத நாளுல வாரேன் முதலாளி. பிடித்தம் போக மிச்சம் காணல."

அவர் முகம் சுளித்தது. விருந்தாளிகள் பார்க்கிறார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். "தேயி. எண்ணெயாவது நல்ல எண்ணெயா, இதுலயும் தண்ணியா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். பிச்சைமணிக்குச் சுருக்கென்றது. தேய்த்தான். தோள், முதுகு, இடுப்பு. அவர் உடம்பு இளகி, மூச்சு நீளமாகிற வரைக்கும் தேய்த்தான். பிறகு உள்ளங்கையை அழுத்தி வைத்து மெதுவாக எடுத்தான்.

"முதலாளி, இது இருநூத்தம்பது சுத்து."

"என்னது?"

சட்டென்று பிடுங்கினான். டப். "இது முந்நூறு."

"என்னலே உளறுதே?"

"ஒங்க முதுகுல நுரை நிக்கி முதலாளி. நான் தண்ணி ஊத்தல. ஒங்க ஆளுகளே பாக்கட்டும்."

விருந்தாளிகளில் ஒருவர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். "ஆமா வே பால்வண்ணம், வெள்ளையால்லா நிக்கி! சோப்பு போட்ட மாதிரி!"

முதலாளி எழுந்திருக்கப் பார்த்தார். எண்ணெயில் கை வழுக்கி மறுபடி குப்புற விழுந்தார். அந்த ஐந்து நிமிஷத்தில் பிச்சைமணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பதினாலு வருஷத்தில் முதலாளியிடம் அவ்வளவு பேச்சு ஒருசேரப் பேசினதில்லை. தள்ளுகிற பக்கம் கண்ணாடி, இழுக்கிற பக்கம் குழி என்றான். மடியிலிருந்த போத்தலை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் பாறையில் வைத்தான்.

"தட்டுல புடிச்ச எண்ணெய். பாத்துக்கிடுங்க, அடியில தண்ணி இருக்கா?"

அவர் போத்தலை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு, "என் முதுகுலயே மில்ல ஓட்டிட்டியேலே," என்றார். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "இப்ப என்ன செய்யணுங்கே?"

"ஸ்பிரிங்கைப் பழையபடி தளத்தணும். சொருகின தகட்ட எடுத்துரணும். எண்ணெய் வாய்க்கால் ஓரம் கத்தி மாதிரி இருக்கு, அத மழுக்கணும். அங்கனதான் எண்ணெய் மொதல்ல கிழியுது."

"வேகத்தக் கொறச்சா நாளைக்குப் பத்து மூட்ட போகும். அது யாரு குடுப்பா? இலத்தூர்க்காரனா?"

"பேரிங் போனா மூணு நாள் மில்லு நிக்குதே முதலாளி. மூணு நாளைக்கு எத்தன மூட்ட?"

அவர் படுத்தபடியே கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. கடைசியில் சொன்னார். "சரி. கார் அறுப்பு முழுசும் ஓடட்டும். ஐப்பசியில தொறந்து பாப்போம். சுத்தமா இருந்தா ஒன் கடன் இல்ல. குழி இருந்துச்சுன்னா, இதையும் சேத்து ஒன் தலையில எழுதிட்டு ஒன்னய அனுப்பிருவேன். சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். குருவம்மாளாக இருந்தால் மூடியிருப்பாள். பிச்சைமணியால் முடியவில்லை. பொய் சொல்லாதவன் என்று நிரூபிக்கப் பாடுபட்டுவிட்டு, பாதியை முழுங்கினால் மிச்சமும் பொய்யாகிவிடும் என்று இருந்தது.

"சம்மதம் முதலாளி. ஆனா வெளக்குக் கேட்டீகளே அன்னைக்கு, அது நெசம். தட்டு எண்ணெயில வாரம் ஒரு சிரட்டை எடுத்தேன். ரெண்டு வருசமா. இப்ப எடுக்கல."

சங்கரபாண்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். முதலாளி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"அத நான் கேக்கும்போதே சொல்லியிருந்தா?"

"பேரிங் அதனாலதான் கெட்டுதோன்னு எனக்கே பயம்."

"ம்," என்றார். எழுந்து, தடுமாறாமல் நடந்து, அருவிக்குள் போய் நின்றுகொண்டார். இரண்டணாவை வண்டிக்காரன் கையில் கொடுத்தனுப்பினார்.

அந்த வாரமே நல்லதம்பி வந்தார். மூன்றாவது பேரிங்கைத் திறந்தால் இழுக்கிற பாதியில் கடுகளவுக் குழிகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. மறுபாதி பளிச்சென்று இருந்தது. நல்லதம்பி பேரிங்கைச் சாக்கின் மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, நான் நல்லதுக்குத்தான் தகட்டச் சொருகினேன்."

"எனக்குத் தெரியாதா? நானும் நல்லதுக்குத்தான ரெண்டு சொட்டு விட்டேன்," என்றான் பிச்சைமணி.

நல்லதம்பி குழி விழுந்த இடத்தைச் சுரண்டிச் சமமாக்கினார். வாய்க்கால் ஓரங்களை அரத்தால் மழுக்கினார். தகட்டை உருவினார். ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். எஞ்சினைக் கிளப்பினதும் பிச்சைமணி கண்ணை மூடிக் காதைக் கொடுத்தான். டக் இல்லை.

புரட்டாசியில் நெல் வந்தது. மில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் ஓடியது. இரண்டு வண்டிகள் இலத்தூர்ப் பக்கம் திரும்பியபோது முதலாளி வாசலில் நின்று பார்த்தார், பிறகு எஞ்சின் அறைக்குள் வந்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். கை வைக்கவில்லை. பிச்சைமணி பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தட்டைப் பார்ப்பான். எண்ணெய் தேன் நிறத்தில் கிடக்கும். இருந்தும் நம்பிக்கை வராது. உள்ளே நடப்பதைப் பார்க்கக் கண் கிடையாதே. நெல் புடைக்கிற மாடத்தி ஒருநாள் எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்க வீட்டுப் பக்கம் எஞ்சின் வாசம் வருதுன்னு நான் வெளையாட்டாத்தான் சொன்னேன். அது முதலாளி காதுக்குப் போவும்னு நெனைக்கல."

"வாசம் வந்துச்சு, சொன்னே. இல்லாததயா சொன்னே?"

"அப்பிடிச் சொல்லாதீக, எனக்கு என்னமோ செய்யுது," என்று முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி ஐந்தாம் தேதி திறந்தார்கள். வெளியே அடைமழை. நல்லதம்பி போல்ட்டைக் கழற்றினார். தள்ளுகிற பாதி வந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை. இழுக்கிற பாதியை நல்லதம்பி சாக்கில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, முதலாளி கையில் கொடுத்தார்.

முதலாளி கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவினார். மூன்று மாதம் முன்பு சுரண்டின தடம்கூட மங்கி, மழமழவென்று இருந்தது. ஒரு குழி இல்லை.

"நீரும் தடவிப் பாரும்வே," என்று பிச்சைமணியிடம் நீட்டினார்.

அவன் தடவினான். வாய்க்கால் ஓரம் விரலில் தட்டவும் குழியோ என்று ஒரு கணம் பயந்துபோய், மறுபடி தடவினான்.

அறைக்குப் போய் முதலாளி கணக்குப் புத்தகத்தை எடுத்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார். "பிச்சைமணி பற்று நாற்பத்தாறு ரூபாய் பன்னிரண்டணா. வேகம் கூட்டினதால் வந்த சேதம், மில் செலவில் வைத்தது." அந்த வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்று பிறகுதான் ஓடியது. "ஆனி முதல் பிடித்தம் நாலு மாதம், எட்டு ரூபாய். திரும்ப வரவேண்டியது." தலையைத் தூக்கினார். "சிரட்டை எண்ணெய்க்கு?"

"நீங்க சொல்லுத வெல, முதலாளி."

"வடிகட்டின எண்ணெய்தான. ஒண்ணே கால் ரூபாய். அதக் கழிச்சுட்டேன்." மேஜை டிராயரைத் திறந்து ஆறு ரூபாயையும் பன்னிரண்டு அணாவையும் எண்ணி வைத்தார். பெருவிரல் பதித்த காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். புத்தகத்தில் பிச்சைமணியின் பெயருக்கு நேரே குறுக்குக் கோடு இழுத்து, பக்கத்தில் 'பைசல்' என்று எழுதி, மை காய ஊதினார்.